பள்ளி, மருந்து, பிழைப்பு: தொண்டு மையத்துக்குப் பணம் அனுப்பும் முன் தரங்கம்பாடியைத் தெரிஞ்சுக்கங்க

ஆப்பிரிக்க கிராமம் ஒன்றில் ஒரு சமூக மையம். ஒரு கட்டடத்தில் பள்ளி, பக்கத்தில் கிளினிக், பின்பக்கம் தையல் மெஷினும் தச்சுப் பட்டறையும். நடத்துவது ஒரு கிறிஸ்தவ அமைப்பு. 'மாதம் இவ்வளவு கொடுத்தால் ஒரு குழந்தை படிக்கும்' என்று ஒரு வீடியோ. உங்க போனுக்கும் இப்படி ஒன்று வந்திருக்கலாம்.

கொடுக்கலாமா, வேண்டாமா? முடிவு உங்களுடையது. ஆனா, இந்த மாடல் புதுசு இல்லை. 300 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம காவிரி டெல்டாவில் நடந்து பார்த்த ஒன்று. அப்போ வீடியோவில் காட்டப்படும் 'தூரத்து ஏழை ஊர்' இடத்தில் இருந்தது நாம். பணம் வந்தது டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்திலிருந்து. அதில் எது நிலைத்தது, எது நிற்கவில்லை, யாருக்குக் கதவு திறக்கவில்லை என்பதெல்லாம் ஓரளவு பதிவாகியிருக்கு. கொடுப்பவர் என்ன கேட்கணும் என்பதற்கு அது நல்ல பாடம்.

எங்கே தொடங்கியது?

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடமிருந்து டென்மார்க்காரர்கள் பெற்ற கடற்கரை ஊர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1706 ஜூலை 9ஆம் தேதி இங்கே வந்து இறங்கினார்கள். வந்த வேலை மதப் பிரசாரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரசாரத்தோடு சேர்ந்தே பள்ளியும் மருந்தும் தொழிலும் வந்தன.

உள்ளூர் டேனிஷ் அதிகாரிகளுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. கடன் வழக்கு ஒன்றில் ஓர் ஏழை விதவைக்காகப் பேசப்போய், அது முற்றி, 1708 கடைசியில் சீகன்பால்கு சிறைக்கே போனார். சுமார் 4 மாதம் உள்ளே இருந்தார்.

பள்ளி: உள்ளூர் ஆட்களை வளர்த்த வேலை

1707இலேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி. தமிழில் பாடம். ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் மிஷன் செலவு. 'பசியோட இருக்கிற குழந்தைக்குப் பாடம் ஏறாது' என்று இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற விஷயம் அங்கே அப்போதே நடைமுறையில் இருந்தது.

1716இல் அடுத்த படி. பாடம் சொல்லவும் சபைப் பணி செய்யவும் உள்ளூர் ஆட்களையே தயார் செய்யும் ஒரு பயிற்சிப் பள்ளி. கப்பலில் வருகிற வெளிநாட்டுக்காரர் நோயில் இறந்துபோனாலும் வகுப்பு நிற்காது. 1719இல் சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு வயது 36தான். பள்ளிகள் தொடர்ந்து நடந்தன.

மருந்து: ஆளை நம்பியதால் வந்த சிக்கல்

மருத்துவத்தில் கதை வேறு. சீகன்பால்குவின் சக ஊழியர் குரூண்ட்லர், தமிழ் வைத்தியத்தைப் பற்றி 1711இல் ஒரு கையெழுத்து நூலே எழுதினார். உள்ளூர் வைத்தியர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். ஆனா ஐரோப்பாவிலிருந்து மிஷனுக்கென்று ஒரு மருத்துவர் வந்து சேர 1730 ஆயிற்று. ஷ்லேகல்மில்ஷ் என்ற அந்த மருத்துவர் வந்த வருஷமே இறந்துபோனார். 1732இல் வந்த க்னோல் நீண்ட காலம் பணியாற்றினார். 1768இல் வந்த கோனிக் தாவர ஆய்வில் பெரிய பெயர் எடுத்தார், ஆனால் சில வருஷத்தில் ஆற்காடு நவாபிடம் வேலைக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கு உள்ளூர் ஆசிரியரைத் தயார் செய்த மிஷன், மருத்துவத்தில் கப்பலில் வரும் ஆளை எதிர்பார்த்தே இருந்தது. ஆள் வந்தால் சிகிச்சை, போனால் இடைவெளி.

பிழைப்பு: அச்சகமும் கடுதாசிப்பட்டறையும்

1712இல் லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள். எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் தண்ணியாய்ச் செலவானது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள்.

காகிதத்துக்குப் பக்கத்து ஊரான பொறையாரில் ஒரு ஆலை வைத்தார்கள். அது நீடிக்கவில்லை. அச்சகம் நிலைத்தது. ஏன்? அச்சு வேலை உள்ளூர் கைகளுக்கு வந்தது, அச்சடித்ததைப் படிக்கப் பள்ளியில் ஆட்களும் உருவானார்கள். ஒன்று மற்றொன்றுக்கு வேலை கொடுத்தது.

பஞ்சம் வந்தபோது என்ன நடந்தது?

1780களில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை வயல்கள் பாழாயின. கோட்டைக்குள் பட்டினிச் சாவு. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர யாரும் தயாரில்லை. முன்பு கொடுத்ததற்கே அதிகாரிகள் காசு தரவில்லை என்ற கோபம்.

அப்போது தஞ்சாவூரில் இருந்தவர் சுவார்ட்ஸ், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய போதகர். 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்று ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. கொஞ்ச காலத்திலேயே 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. சொன்னபடி காசும் கைக்குப் போனது. ஒரு கலம் என்பது 12 மரக்கால் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு முறை, கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களிடம் இவர் உறுதி சொன்ன பிறகு, சுமார் 7,000 பேர் வயலுக்குத் திரும்பினார்கள்.

இந்த எண்கள் சுவார்ட்ஸ் எழுதிய கடிதங்களிலிருந்து வருபவை. தன் வேலையைப் பற்றித் தானே எழுதியது என்பதை மனதில் வைத்துத்தான் படிக்கணும். ஆனாலும் ஒன்று தெளிவு. அந்த நேரத்தில் விவசாயிக்குத் தேவைப்பட்டது இலவச அரிசி அல்ல. தன் நெல்லுக்குக் காசு கிடைக்கும் என்ற நம்பிக்கைதான்.

யாருக்குக் கதவு திறக்கவில்லை?

இதுதான் கசப்பான பகுதி. ஆரோன் என்ற தமிழர் 1733இல் போதகராக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் உழைத்த ராஜநாயக்கன், முன்னாள் படைவீரர், பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். பலரைச் சபைக்குக் கொண்டுவந்தவர் என்று மிஷன் பதிவுகளே சொல்கின்றன. ஆனாலும் அவருக்குப் போதகர் பதவி கிடைக்கவில்லை. சாதி பார்த்தவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று மிஷன் தயங்கியது. ஆலயத்துக்குள்ளும் இருக்கைகள் பிரிந்தே இருந்தன.

பள்ளியிலும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் வந்தன. 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் ஒதுக்கியது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வசதியும் எழுத்தும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள். பணம் எங்கிருந்து வருகிறதோ, அதற்கேற்ப வகுப்பறையில் யார் உட்காருவது என்பதும் மாறிவிட்டது.

ஆப்பிரிக்காவிலும் இதேதானா?

வரலாறு ஒத்துப்போகிறது. மலாவியின் லிவிங்ஸ்டோனியா ஓர் உதாரணம். ஸ்காட்லாந்து மிஷன் 1894இல் தொடங்கிய அந்த மையத்தில் பள்ளி, மருத்துவமனை, தச்சு, அச்சு என எல்லாம் இருந்தன. 2003இல் அங்கே லிவிங்ஸ்டோனியா பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் உருவானது. இங்கே தரங்கம்பாடி மிஷனின் தொடர்ச்சியாக வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் உள்ளூர்த் திருச்சபையாக அமைந்தது.

அப்போ என்ன கேட்கணும்?

பணம் கேட்கும் மையத்திடம் இந்த நான்கையும் கேளுங்க.

1. பொறுப்பில் இருப்பவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர்? ஆசிரியர், நர்ஸ், கணக்கர், யார் சம்பளம் வாங்குகிறார்கள்?

2. டோனர் 3 வருஷத்தில் நிறுத்திவிட்டால் எது ஓடும், எது மூடும்?

3. பட்டறையில் கற்ற தொழிலுக்கு அந்த ஊரிலேயே வேலை இருக்கா? பொருளை வாங்க ஆள் இருக்கா?

4. அந்த ஊரில் யாரை யாரும் பக்கத்தில் உட்கார விடமாட்டார்களோ, அவர்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்காங்களா? நிர்வாகக் குழுவில்?

நான்காவது கேள்விக்குப் பதில் வராமல் போட்டோ மட்டும் வந்தால், கொஞ்சம் யோசிங்க.

இதே கேள்விகளை நம்ம ஊர் என்ஜிஓக்கள், உங்க கம்பெனியின் சிஎஸ்ஆர் திட்டங்களிடமும் கேட்கலாம். மதம் சார்ந்ததோ, சாராததோ, கேள்வி மாறாது. அடுத்த தடவை பொறையார் பக்கம் போனால் கடுதாசிப்பட்டறை எங்கேன்னு விசாரிச்சுப் பாருங்க. ஆலை இல்லாமல் போய்ப் பல தலைமுறை ஆச்சு. ஊர்க்காரர்கள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவாங்க.