குடல் புற்றுநோய்: சாமையும் ஆஸ்பிரினும்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பத்தாண்டுகள்கூடப் பிடிக்கும். உணவும் மருந்தும் வேலை செய்ய இடம் இருப்பது இந்த அவகாசத்தில்தான்.

முதலிடம் நார்ச்சத்துக்கு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சேரும் நாரை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடற்சுவர்ச் செல்களுக்கு அதுவே தீனி. நாள்தோறும் 90 கிராம் முழுதானியம் உண்போருக்கு இந்நோயின் ஆபத்து ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு என்கின்றன தொகுப்பாய்வுகள். அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் தலைமுறைகளாக உண்டுவந்த ராகி, சாமை, தினை எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. ரேஷன் அரிசி அவற்றை ஓரங்கட்டியது. 2017இல் கேரள அரசு அங்கே சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. தவிடு முழுக்கப் போகாத பாலக்காட்டு மட்டை அரிசி, தீட்டிய வெள்ளை அரிசிக்கு மேல். வட்டவடையிலும் காந்தளூரிலும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் விளைவதால் இடுக்கிப் பக்கம் காய்கறிக்கும் குறைவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இறைச்சியும் மதுவும். பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சேர்ந்தால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. பரோட்டாவுக்குத் துணையான மாட்டிறைச்சி வறுவல் அதற்கு அடுத்த படியில், 'அநேகமாகக் காரணம்' என்ற பட்டியலில் இருக்கிறது. அளவோடு உண்டால் பெரிய பயமில்லை. கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்ற பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துச் சமாதானம் மட்டும் செல்லாது. சாராயச் சத்து எந்தக் குப்பியில் வந்தாலும் ஒன்றே.

மருந்துகளில் வலுவான சான்று உள்ளது ஆஸ்பிரினுக்கு. பாலிப் வளரத் துணைபோகும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பை அது தடுக்கிறது. இந்நோயின் ஆபத்தைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது: இரண்டாண்டுகள் தினம் 600 மில்லிகிராம் தரப்பட்டவர்களில் 9 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கும் இந்நோய் வந்திருந்தது. மற்றவர்களுக்கு இதே கணக்கு பொருந்தாது. வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து இது; டெங்குக் காய்ச்சலில் தொடவே கூடாது. குடல் புற்றுநோய்த் தடுப்புக்காகவும் 2016இல் இதைப் பரிந்துரைத்த அமெரிக்க நிபுணர் குழு, 2022இல் அந்தக் காரணத்தைக் கைவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, தானாக விழுங்க வேண்டிய மாத்திரை அல்ல.

உணவோ மாத்திரையோ பரிசோதனைக்கு ஈடாகாது. கொலோனோஸ்கோப்பியில் பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தாமாகவே முடிவுகட்டி நாட்டுமருந்தில் மாதங்களைக் கழிக்காமல், கோட்டயம், திருச்சூர், கோவை என எட்டும் ஊரில் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.