முதியோர் பெருகிய நாட்டிற் குடும்பம்

பிரித்தானிய மக்கள் தம் பெற்றோரை முதுமையிற் கைவிடுகின்றனர் என்பது நம்மவரிடையே பெரிதும் வழங்கும் ஒரு கூற்று. அவ்வாறு கூறுவோர், முற்காலத்தில் அந்நாட்டிலும் பாட்டன், பாட்டி, பேரர் யாவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தனர் என்றும், கைத்தொழிற் புரட்சி வந்து அக்கூட்டு வாழ்வைக் குலைத்தது என்றும் சேர்த்துரைப்பர். இவ்விரண்டும் ஆராயாது கொள்ளப்பட்டனவேயாம்.

பழைய குடிப்பட்டியல்களைத் துருவி ஆராய்ந்த பீற்றர் லாஸ்லெற் என்னும் வரலாற்றறிஞர் 1965 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வெளிப்படுத்திய உண்மை யாதெனில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே இங்கிலாந்தில் ஒரு மனையில் வாழ்ந்தோர் தொகை சராசரி ஐவருக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது என்பதாகும். மணம் புரிந்தோர் தனிமனை புகுதல் ஆங்குத் தொன்றுதொட்ட வழக்கு. வறிய முதியோரைப் பேணும் பொறுப்பை 1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கோயிற்பற்றின்மேற் சுமத்தியது. வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கல் வேண்டும் என விதித்ததும் அதே சட்டமே. அன்புக்கு விட்டுவிடத் துணியாத கடமையைச் சட்டத்தால் வற்புறுத்தினர் போலும்!

ஆயின் மாறியது யாது? மனிதர் உள்ளம் மாறியது என்பதிலும் குடும்பத்தின் கணக்கு மாறியது என்பதே பொருந்தும். 1860 ஐ அடுத்த ஆண்டுகளில் மணம் புரிந்த தம்பதியர் சராசரி ஆறு பிள்ளைகளைப் பெற்றனர். 1925 க்கும் 1929 க்கும் இடையில் மணந்தோர் பெற்றது இரண்டிற்குச் சற்று மேல். கருத்தடை பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டமைக்காக 1877 இற் சார்ள்ஸ் பிறட்லோவும் அன்னி பெசன்ற் அம்மையாரும் நீதிமன்றில் நிறுத்தப்பட்ட வழக்கு, அதுவரை மறைவிற் பேசப்பட்ட பொருளை நாடறியச் செய்தது. அவ்வம்மையாரே பின்னர் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933 இல் மறைந்தவர் என்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் பிறப்பு மீண்டும் உயர்ந்து, 1964 இல் ஒரு பெண்ணுக்கு 2.93 என்னும் அளவை எட்டியது. 2024 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அவ்வெண் 1.41.

மறுபுறத்தில் ஆயுள் நீண்டது. 1901 அளவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றைம்பது ஓராண்டு நிறையுமுன் இறந்தன, இன்று நான்களவில். அன்று அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் இருபதின்மருள் ஒருவர். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 18.6 பேர். நூறு வயது நிறைந்தோர்க்கு அரசர் வாழ்த்தனுப்பும் வழக்கம் 1917 இல் தொடங்கியபோது அதனைப் பெற்றோர் ஒருசிலரே; 2021 இலோ இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் நூறு கண்டோர் 13,924 பேர்.

இவ்விரு மாற்றங்களும் கூடியபோது குடும்பத்தின் வடிவே வேறாயிற்று. அந்நாட்டுச் சமூகவியலார் அதனை அவரைக்கு நடும் கொம்புக்கு ஒப்பிடுவர்; நாம் பனை என்போம். ஆல்போற் பரந்த சுற்றம் போய், கிளையின்றி உயர்ந்து நான்கு தலைமுறை ஒருங்கு வாழும் குடும்பம் தோன்றியது. அறுவர் பகிர்ந்த சுமை ஒருவர்மேல் விழுகின்றது. அவ்வொருவர் பெரும்பாலும் பெண். ஐம்பத்தெட்டு வயதினள் ஒருத்தியை எண்ணுக. எண்பத்தைந்து வயதுத் தாய்க்கு அவள் துணை வேண்டும். வேலைக்குச் செல்லும் மகளோ தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையே நாடுவாள். 2010 வரை பெண்கள் அறுபது வயதில் அரச ஓய்வூதியம் பெற்றனர். 2020 இல் அவ்வயது இருபாலார்க்கும் அறுபத்தாறு ஆயிற்று. ஆகவே இவள் தொழிலையும் விடல் இயலாது. ஐம்பத்தைந்திற்கும் ஐம்பத்தொன்பதிற்கும் இடைப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐவருள் ஒருத்தி ஊதியமின்றிப் பிறரைப் பராமரிக்கின்றாள் எனக் குடிசன மதிப்புக் காட்டுகின்றது. கைவிட்டனர் என்னும் பழி இவளுக்கு எங்ஙனம் பொருந்தும்?

உடனுறைதல் வேறு, அருகிலிருத்தல் வேறு. கிழக்கு இலண்டனின் பெத்னல் கிறீன் பகுதியை ஆராய்ந்து மைக்கேல் யங், பீற்றர் வில்மொற் ஆகிய இருவரும், தனியே பீற்றர் ரவுன்சென்டும் 1957 இல் வெளியிட்ட நூல்கள் இதனை நன்கு விளக்கின. மணமான மகள் சில தெருக்களுக்கு அப்பால் வாழ்ந்து நாடோறும் தாயிடம் வந்து போயினள். அவ்வுறவைத் தளர்த்தியது புதிய வீடுகள் கட்டி இளங்குடும்பங்களை எசெக்ஸ் பகுதிக்கு அனுப்பிய நல்லெண்ணத் திட்டமே.

பெற்றோரைத் தாங்கும் சட்டக் கடமையை 1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் நீக்கியது. கடமை நீங்கியும் பேணுதல் நீங்கவில்லை. ஆயினும் அதே ஆண்டிற் பிறந்த சுகாதார சேவை நோய்க்கு இலவச வைத்தியம் அளிக்க, உண்பித்தல், நீராட்டல் போன்ற பராமரிப்போ வசதி நோக்கியே வழங்கப்படலாயிற்று. இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேற் சொத்துடையோர் அதன் செலவைத் தாமே ஏற்றல் வேண்டும். 2010 முதல் அவ்வெல்லை உயரவில்லை. புற்றுநோயாளிக்குச் சேவை கைகொடுக்க, மறதிநோயாளி பலர் வீட்டை விற்று விடுதிக் கட்டணம் செலுத்துகின்றனர். பிள்ளைகள் எதிர்பார்த்த முதுசொம் கரைகின்றது. இச்செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என 2011 இல் டில்னொற் ஆணைக்குழு கூறியது. சட்டம் 2014 இல் இயற்றப்பட்டு, பன்முறை ஒத்திவைக்கப்பட்டு, 2024 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதனை நான் பெரும் பிழையென்றே கருதுவேன்.

வீட்டில் மகளும் இயலாது, அரசும் போதாதவிடத்துப் பிறநாட்டார் வருகின்றனர். பராமரிப்புத் தொழிலாளர்க்கு 2022 இல் வீசா வழி திறக்கப்பட்டபோது இந்தியா, நைஜீரியா, சிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து பல்லாயிரவர் சென்றனர். 2024 மார்ச்சு முதல் புதிதாகச் செல்வோர் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்து வருதல் தடுக்கப்பட்டது. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதியோர் செல்லும் அவ்வழியும் மூடப்பட்டது. பிரித்தானிய முதியோரை இன்று நீராட்டி உணவூட்டும் அவருட் பலர், தம் குழந்தைகளைத் தம் ஊரிலுள்ள முதிய தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்.