தபானுலி ஒராங்குட்டானின் வாழிடமும் வணிக வளர்ச்சியும்

தபானுலி ஒராங்குட்டான் என்பது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் மட்டும் வாழும் வாலில்லாப் பெருங்குரங்கு இனமாகும். கொரில்லா, சிம்பன்சி, போனபோ, ஒராங்குட்டான் ஆகிய பெருங்குரங்குகளுள் எண்ணிக்கையில் மிகக் குறைந்த இனம் இதுவே. 800க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 2017ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் இதைத் தனி இனமாக அறிவித்தனர். அதே ஆண்டிலேயே இது 'மிக அருகிய இனம்' என வகைப்படுத்தப்பட்டது.

வாழிடம்

'ஒராங்' என்றால் மலாய் மொழியில் மனிதன். 'ஊத்தான்' என்றால் காடு. பெயருக்கேற்ப இவ்விலங்கு மரங்களிலேயே உண்டு, உறங்கி, நடமாடுகிறது. வட சுமத்ரா மாகாணத்தின் பத்தாங் தோரு மலைக்காடே இதன் முதன்மையான இருப்பிடம். அதன் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். முன்பு தாழ்நிலங்களிலும் இவை வாழ்ந்தன. வேட்டையாலும், விளைநிலங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டதாலும் மலைப்பகுதிக்குள் ஒதுங்கின. எஞ்சிய காடும் மேற்கு, கிழக்கு, தெற்கு என மூன்று துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது.

வணிகத் திட்டங்கள்

இக்காட்டின் மேற்குப் பகுதியை ஒட்டி மார்த்தாபே தங்கச் சுரங்கம் 2012இல் இயங்கத் தொடங்கியது. பத்தாங் தோரு ஆற்றில் 510 மெகாவாட் திறனுள்ள நீர்மின் திட்டமும் மேற்கொள்ளப்பட்டது. மாகாணத்தின் மின்தேவையை நிறைவு செய்யவும், கரிம உமிழ்வைக் குறைக்கவும் இது உதவும் என்பது திட்டத்தை ஆதரிப்போரின் வாதம். இத்திட்டத்துக்கு எதிராகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கை மேதான் நகர நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது.

சிறு இழப்பு ஏன் பெரிதாகிறது?

மொத்தக் காட்டோடு ஒப்பிட்டால் இத்திட்டங்கள் எடுத்துக்கொள்ளும் நிலம் சிறிதே. ஆனால், எவ்வளவு நிலம் போகிறது என்பதைவிட எந்த நிலம் போகிறது என்பதே முக்கியம். மின்திட்டம் அமையும் ஆற்றுப் பள்ளத்தாக்கு, காட்டுத் துண்டுகளை இணைக்கக்கூடிய இடத்தில் உள்ளது. பெண் ஒராங்குட்டான்கள் பெரும்பாலும் தாய் வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே தங்கிவிடும். ஆண்களே தொலைவுக்குச் சென்று இணை தேடும். சாலைகளும் மின்கம்பித் தடங்களும் மரங்களின் தொடர்ச்சியை அறுத்தால் ஆண்களின் போக்குவரத்து நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்து, சந்ததி நலிவடையும். புதிய சாலைகள் வேட்டைக்காரர்களுக்கும் மரம் வெட்டுவோருக்கும் வழி திறந்து விடுகின்றன.

ஒராங்குட்டான் மிக மெதுவாகப் பெருகும் விலங்கு. ஒரு பெண் சுமார் 6 முதல் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனுகிறது. வளர்ந்த விலங்குகளில் ஆண்டுக்கு 1 விழுக்காடு கூடுதலாக இறந்தாலே காலப்போக்கில் இனம் அழியும் என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். 800 என்ற எண்ணிக்கையில் 1 விழுக்காடு என்பது வெறும் 8 விலங்குகள்.

பாதுகாப்பு

பத்தாங் தோரு காட்டின் பெரும்பகுதி அரசின் காப்புக்காடு என்றாலும், ஒராங்குட்டான்கள் வாழும் சில பகுதிகள் அந்த எல்லைக்கு வெளியே உள்ளன. அப்பகுதிகளையும் பாதுகாப்பில் சேர்ப்பது, துண்டுகளுக்கு இடையே மரங்களை வளர்த்து இணைப்புக் காடுகளை உருவாக்குவது, சாலைகளுக்கு மேல் கயிற்றுப் பாலங்கள் அமைப்பது ஆகியவை முன்வைக்கப்படும் வழிகள். தோட்டங்களில் பழம் தின்ன வரும் ஒராங்குட்டான்களைக் கொல்லாதிருக்க, உள்ளூர் உழவர்களின் இழப்பை ஈடுசெய்வதும் அவசியம். வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே இருக்கும் இணைப்புகளை அறுபடாமல் காப்பதே இவற்றுள் முதன்மையானது.