உப்புக் காற்றில் உழைக்கும் லேப்டாப் எது?

எண்ணூரில் இருப்பவர் வாங்கினாலும் அண்ணா நகரில் இருப்பவர் வாங்கினாலும் லேப்டாப்பின் விலை ஒன்றுதான், வாரண்டியும் ஒன்றுதான். காற்று மட்டும் வேறு. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் பிராசசர், ரேம், திரையின் அங்குலம் எல்லாம் இருக்கும். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை கடலோரம் குடியிருப்பவருக்கு அந்த மெஷின் இரண்டு வருடம் ஓடுமா, ஆறு வருடம் ஓடுமா என்பதை முடிவு செய்யும் விஷயங்கள் அந்த அட்டையில் இருப்பதில்லை.

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று அங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றிலேயே உலர்ந்து நுண்ணிய உப்புத் துகளாகி வீட்டுக்குள் வருகின்றன. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும்கூட இந்த உப்பு உண்டு. வடக்கே கூடுதலாகச் சேர்வது தொழிற்சாலைப் புகை. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். எல்லாம் நிலக்கரியில் ஓடுபவை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பேட்டைகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலிக்குக் கிடைத்தது 76.32. எழுபதைத் தாண்டினாலே கடுமையாக மாசடைந்த பகுதி என்று கணக்கு. ராயபுரத்துக்காரர்கள் ஒரு விதத்தில் தப்பித்தார்கள்: சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தூசும் கூடவே போனது.

இந்தக் காற்று லேப்டாப்பை என்ன செய்கிறது? உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே கசிந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் அதற்குக் குறைந்த ஈரம் அபூர்வம். மதர்போர்டில் செப்புக் கோடுகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு ஓடுகின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவே உப்பு நீர்ப் படலம் உட்கார்ந்து, மின்சாரமும் இருந்தால், ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கத்திலிருந்து முடி முடியாக வளரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். புகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை தனி. 2006இல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு, போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதிலாக வந்தவற்றில் வெள்ளிப் பூச்சும் ஒன்று. வீட்டில் வெள்ளிக் கொலுசைக் கறுப்பாக்கும் அதே ரசாயனம் போர்டின் வெள்ளியையும் கறுப்பாக்குகிறது. பெரிய டேட்டா சென்டர்களில் செப்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஒரு மாதம் தொங்கவிட்டு, எவ்வளவு அரித்தது என்று அளந்துதான் காற்றின் தரத்தைச் சோதிக்கிறார்கள். வட சென்னை வீடுகளில் கொலுசே அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது.

தினமும் ஓடும் லேப்டாப்பை விட பையில் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் லேப்டாப்தான் இங்கே சீக்கிரம் கெடும் என்றால் நம்பச் சற்றுச் சிரமமாக இருக்கும். ஓடும் மெஷின் சூடாக இருக்கிறது. சூடான இடத்தில் ஈரம் படியாது. அணைத்துக் குளிர்ந்த பிறகுதான் உப்பு வேலையைத் தொடங்கும். ஏசி அறையில் 22 டிகிரியில் கிடந்ததைச் சட்டென்று வெளியே எடுத்துத் திறப்பதும் ஆபத்து. சென்னையின் புழுக்க மாதங்களில் காற்றிலுள்ள ஈரம் 25 டிகிரி குளிர்ச்சியிலேயே நீராகப் படியத் தொடங்கிவிடும். மூக்குக் கண்ணாடி பனித்துப்போகும் அதே நேரத்தில் மதர்போர்டும் பனிக்கிறது. பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

சரி, எதை வாங்குவது? உப்பை உள்ளே விடாத மெஷினா, உப்பு வந்தால் கழற்றிச் சரிசெய்ய முடிகிற மெஷினா என்பதே இங்குள்ள முதல் கேள்வி. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது.

பெரும்பாலான லேப்டாப்களில் ஃபேன் உண்டு. வெளிக் காற்றை உறிஞ்சி, சூட்டோடு சேர்த்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அப்படி உறிஞ்சும்போது எண்ணூர்ச் சாம்பலும் உப்பும் கூடவே உள்ளே போகின்றன. ஃபேனே இல்லாத லேப்டாப்பில் அந்தப் பாதை கிடையாது. ஆப்பிள் 2020 நவம்பரில் கொண்டுவந்த எம்1 மேக்புக் ஏர் முதல் அந்த வரிசை முழுவதும் ஃபேன் இல்லாதவை. கடலோரக் காற்றுக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் அதில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. போர்டு போனால் எல்லாம் போனது, செலவும் கையைக் கடிக்கும். எதிர்முனையில் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகள். இவற்றில் ஃபேன் உண்டு, உப்பும் போகும். ஆனால் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அடிமூடி வந்துவிடும். ஃபேனைத் துடைக்கலாம், பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். சில மாடல்களில் கீபோர்டில் கொட்டிய தண்ணீர் கீழே வடிந்து போக வழியும் வைத்திருப்பார்கள்.

என் கட்சி இரண்டாவதுதான். இந்தக் காற்றில் எந்த மெஷினுக்கும் பழுது வரத்தான் செய்யும். வரும்போது ஐந்தாயிரத்துக்குள் தீர்கிற பழுதா, மெஷினையே தூக்கிப்போட வைக்கிற பழுதா என்பதைப் பார்த்து வாங்குவதே புத்தி.

‘ராணுவத் தரம்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது குறிப்பது அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810எச் என்ற சோதனை விதிகளை. 2019இல் வெளியான பதிப்பு அது. அதில் வெப்பம், அதிர்வு, கீழே விழுதல், தூசு என்று இருபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் உண்டு. எவற்றைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். சான்றிதழ் தரும் அமைப்பு என்று ஒன்று கிடையாது. நமக்கு வேண்டியது 509ஆம் எண்: உப்பு மூட்டம். ஐந்து சதவீத உப்பு நீரை 35 டிகிரியில் 24 மணி நேரம் தெளித்து, 24 மணி நேரம் உலர விட்டு, அதையே இன்னொரு முறை செய்வார்கள். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான சோதனைப் பட்டியலைத் தேடுங்கள். உப்பு மூட்டம் அதில் இல்லையென்றால் அந்த ஸ்டிக்கரால் திருவொற்றியூருக்குப் பயனில்லை. இருந்தாலும், வாரண்டியில் துரு சேராது என்பதை நினைவில் வைக்கவும்.

பேனசோனிக் 1996 முதல் விற்றுவரும் டஃப்புக் போன்ற முரட்டு ரகங்கள் வேறு சாதி. துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டு, தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே போகாதபடி செய்தவை. கப்பல் தளத்தில் ஏறிச் சரக்கு சர்வே செய்பவருக்கும், கண்டெய்னர் யார்டில் வெயிலில் நின்று டைப் செய்பவருக்கும் அவை தேவை. கல்லூரி மாணவருக்கு அந்த எடையும் விலையும் வீண்.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, செலவில்லாதது. டெல், எச்.பி., லெனோவோ மூன்றும் தங்கள் மாடல்களைக் கழற்றிப் பூட்டும் சர்வீஸ் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. மாடல் பெயரைப் போட்டுத் தேடி, சார்ஜர் சொருகும் துளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தனியாக ஒயரோடு வரும் உதிரியாக இருந்தால் நல்லது. மதர்போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் யோசியுங்கள். உப்புக் காற்று முதலில் பச்சை பிடிக்க வைப்பது அந்தத் துளையைத்தான். டைப்-சி துளைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நுண் முனைகள் நெருக்கி நிற்கின்றன. அடுத்து கீல். மலிவு மாடல்களில் திரையின் கீலைத் தாங்குவது, பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகள். கீல் இறுகினால் பிளாஸ்டிக் பிளந்துகொண்டு வரும். கடையில் திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து மூடிப் பாருங்கள். கீபோர்டு பக்கத்து உடல் வளைந்தால் வேண்டாம்.

பழுது பார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடுவதை பிரான்ஸ் 2021 ஜனவரியில் கட்டாயமாக்கியது. அங்கே விற்கும் ஒவ்வொரு லேப்டாப்பும் பத்துக்கு எத்தனை என்பதை விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கழற்றும் எளிமை, உதிரி கிடைக்குமா, உதிரியின் விலை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இங்கே விற்கும் பல மாடல்கள் அங்கேயும் விற்கின்றன. அந்த மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்வதில் தடையில்லை. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் இதற்கான பரிந்துரையைக் கொடுத்திருக்கிறது.

பட்ஜெட் முப்பதாயிரத்தைச் சுற்றி என்றால், அந்த விலைக்குக் கிடைக்கும் மிக மலிவான புதிய மாடலை விட, மூன்று நான்கு வருடம் ஓடிய அலுவலக வரிசை லேப்டாப்பே மேல். ஐ.டி. கம்பெனிகள் குத்தகை முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பவை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்கின்றன. வாங்கும்போது இரண்டு கோடுகளைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டாவது, கம்பெனிப் பூட்டு. விண்டோஸை முதலிலிருந்து ஏற்றி, இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில் இருக்கிறது.

பேட்டரி ரிப்போர்ட்டையும் கடைக்காரரிடம் எடுத்துக் காட்டச் சொல்லலாம். புதிதில் இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். முக்கியமாக, அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துளைகளைச் சுற்றிப் பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருந்தால் எழுந்து வந்துவிடலாம். திறக்க மறுக்கும் கடையும் அதே ரகம்தான்.

தமிழ்நாட்டு வீடுகளில் லேப்டாப் பேச்சு அரசு லேப்டாப்பைத் தொடாமல் முடியாது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை மாணவர்கள் கைக்குப் போயின. பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென்று புதிய திட்டம் வந்து, 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. கையில் அது இருந்தால் இன்னொன்றுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரே மாடல் லட்சக்கணக்கில் புழங்கும்போது உதிரிகள் சந்தையில் மலியும், தெருமுனை மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் அத்துப்படியாகிவிடும். இந்த வசதி பல விலை உயர்ந்த மாடல்களுக்குக்கூட இல்லை.

வாங்கிய பிறகு பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. வருடம் ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டும் சார்ஜ் போடுங்கள். உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகப் பகுதி வீடுகளில் எண்ணெயும் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்த லேப்டாப்பை ஆன் செய்யவே கூடாது, சார்ஜரும் கூடாது. அரிசி மூட்டையில் புதைப்பதும் வீண், தண்ணீர் போனாலும் உப்பு போர்டிலேயே தங்கிவிடும். அன்றைக்கே சர்வீஸ் கடையில் கொடுத்து, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவச் சொல்ல வேண்டும்.

வாரண்டித் தாளில் திரவம், துரு இரண்டையும் பொதுவாக விலக்கியே எழுதியிருப்பார்கள். தண்ணீர் கொட்டியதற்கும் கீழே விழுந்ததற்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் கூடுதல் திட்டம் வாங்கும்போதே கிடைக்கும்; இந்தப் பகுதியில் அதற்குக் கொடுக்கும் காசு நஷ்டமில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு மெஷினின் சீரியல் எண்ணும் இருக்கட்டும், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும். புது மெஷினிலேயே குறை வந்து, கடையும் கம்பெனியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915க்கு ஒரு போன் போட்டால், தேசிய நுகர்வோர் உதவி மையம் புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பும்; தமிழிலேயே பேசலாம்.