குளிரிற் சைக்கிளோட்டுவார் கைகள்

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாட் காலை யாமும் நண்பர் இருவரும் உதகமண்டலத்தினின்று குன்னூருக்குச் சைக்கிளிற் புறப்பட்டோம். உதகை கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது; குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இடையே 18 கிலோமீட்டர் போல வழி, பெரும்பாலும் இறக்கம். புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோலக் கிடந்தது. காலுக்கு வேலையின்றி உருண்டு போய்விடலாம் என மகிழ்ந்தோம். கால் மணி நேரம் சென்றிராது. ஒரு வளைவில் எதிரே பஸ் தோன்றிற்று. பிரேக்கை அழுத்த முயன்றோம், விரல்கள் இசையவில்லை. பிடியைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை. உள்ளங்கையால் எவ்வாறோ நெருக்கி, வண்டியை மலையோரத்து வாய்க்காலில் இறக்கித் தப்பினோம். அப்பொழுது எம் கைகளில் தடித்த கம்பளி உறைகள் இருந்தன. அவை இருந்தும் இவ்வாறு நேர்ந்தது ஏன்?

நம் உடல் சிக்கனமான குடும்பத் தலைவனைப் போன்றது. குளிர் மிகுங்கால், இருதயம் மூளை முதலிய உள்ளுறுப்புக்களின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு, கைகால் நுனிகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்களோ தாமே வெப்பம் ஈட்ட வல்லன அல்ல. அவற்றை மடக்கி நீட்டும் தசைகளிற் பெரும்பாலன முன்கையிலேயே உள்ளன. ஆதலின் விரலுக்கு வெப்பம் இரத்தத்தின் வழியே வருதல் வேண்டும். கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வந்ததைக் காப்பது ஒன்றே அதன் தொழில். வாராததை அஃது எங்ஙனம் காக்கும்?

தாமஸ் லூயிஸ் என்னும் மருத்துவ அறிஞர், பனிக்கட்டி நீரில் விரலை வைத்தால் சில நிமிடங்களுக்குப்பின் சுருங்கிய குழாய்கள் தாமே விரிந்து, மீண்டுஞ் சுருங்கி, மாறி மாறி இயங்குதலை 1930-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். ஆனால் உடலின் நடுப்பகுதியே குளிர்ந்திருப்பின் இச்சலுகை குறைந்துவிடும். எமக்கு அது கிட்டாமைக்குக் காரணம் அன்று அணிந்திருந்த ஒற்றைப் பருத்திச் சட்டையே என்று இப்பொழுது அறிகிறோம்.

இறக்கத்தின் கொடுமை இரட்டிப்பானது. ஏறும்போது கால்களின் உழைப்பால் உடல் சூடேறும். இறங்கும்போது உழைப்பில்லை, காற்றோ மிகுதி. வெப்பநிலை 5 பாகை செல்சியஸாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிர்ப்படின், வெறுந்தோலுக்கு அது ஏறக்குறைய 0 பாகையாகவே தோன்றும் என்பது இன்று வழங்கும் கணக்கு. கம்பளியின் கண்களூடே அக்காற்று எளிதில் நுழைந்துவிடும்.

கைதேர்ந்த பந்தய வீரரும் இதற்கு விலக்கல்லர். 1980-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தில் பனிமழையினூடே நடந்த லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் பெர்நார் ஈனோ ஒன்பது நிமிடத்திற்கு மேல் முந்தி வென்றார். ஆயின் அவர் விரல்கள் இரண்டில் அக்குளிரின் ஊறு நிலைத்துவிட்டது. 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ல், இத்தாலியப் பெரும் பந்தயத்தினர் பனி பொழியும் காவியாக் கணவாயைக் கடந்தனர். உச்சியை முதலில் எட்டியவர் டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையோடு ஏறிய அவர், இறக்கத்திற் குளிர் தாங்காது ஒதுங்கி, முடிவிடத்திற்கு நாற்பது நிமிடங்களுக்கு மேல் பிந்தி வந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனுக்கோ, அவர் குழுவினர் முன்கூட்டியே பனிச்சறுக்குக் கடைகளிற் குளிர்காப்பு உடைகளை வாங்கி வைத்திருந்தனர். அன்று இரண்டாவதாக வந்து முதலிடத்தைக் கைப்பற்றிய அவரே அவ்வாண்டுப் பந்தயத்தையும் வென்றார்.

எனவே கையைக் காக்க விரும்புவோர் மார்பையும் கழுத்தையும் முதலில் மூடுக. பந்தய வீரர் மலையுச்சியிற் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். காற்றைத் தடுக்க அதனினும் மலிவான கவசம் இல்லை. கையுறை இறுக்கமாயிருத்தலாகாது; இறுக்கம் இரத்தத்தைத் தடுக்கும். கம்பளிக்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய உறை ஒன்று வேண்டும். வியர்வையால் நனைந்த உறையை மாற்றிவிடுக. நீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்துநான்கு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். வெற்று உலோகப் பிரேக்குப் பிடிக்கு ரப்பர்ச் சுற்று நலம். விரல்களைத் தனித்தனியே பிரிக்காத உறை மிக்க வெப்பந் தரும். ஆயின் பிரேக்குப் பிடிக்க இடர்தரும். பின்லாந்து முதலிய வடநாடுகளில் ஹாண்டில்பாரிலேயே பெரிய உறைகளைப் பொருத்தி, அவற்றினுள் கையை நுழைத்து ஓட்டுவர். எமக்கு அதுவே சிறந்த உபாயமாகத் தோன்றுகிறது. மின்கலத்தாற் சூடேறும் உறைகளும் உண்டு. மாணவர் பைக்கு அவை எட்டா.

மரத்த விரலை நெருப்பிற் காட்டுதல் கூடாது. உணர்வின்மையால் வெந்துபோவதும் தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டுக் கைகளைத் தோளினின்று பெருவட்டமாகச் சுழற்றினால் இரத்தம் விரல்நுனிக்குப் பாயும். பாயும்போது ஊசியாற் குத்துவதுபோல் வலிக்கும், அவ்வலி நற்குறியே. மறு வாரம் செய்தித்தாட் கவசத்தோடு அவ்வழியே சென்றபோது, வழியில் மூன்றிடத்தில் இறங்கி இவ்வாறு சுழற்றினோம். தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் பெண்கள் எம்மைக் கண்டு நகைத்தனர். குன்னூர் வரையில் பிரேக்குப் பிடி எம் விரல்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.