பரங்கிமலை டூ உடைந்த பாலம்: அடையாற்றை ஒட்டி நடந்தே போக முடியுமா?

மலை மேலிருந்து ஒரு வியூ, கீழே வளைந்து ஓடும் ஆறு, வழியில் இடிந்து நிற்கும் பழைய கட்டடங்கள், கடைசியில் ஒரு சூரிய அஸ்தமனம். ஜெர்மனியில் ரைன் நதியோரம் கோட்டைகளைப் பார்த்தபடி நடக்கும் ரீல்ஸைப் பார்த்து லைக் போட்டுவிட்டு, 'நம்ம ஊர்ல எங்கப்பா இதெல்லாம்?' என்று போனை வைப்பவர்கள் நம்மில் அதிகம்.

சென்னையிலும் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கும் குன்று, கைவிடப்பட்ட பாலங்கள், ஒரு போர்க்களம், கடல் முகத்துவாரம் என எல்லாமே அடையாற்றின் கடைசிச் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல்தான். ஆற்றை ஒட்டி நடக்கத் தொடர்ச்சியான பாதை கிடையாது. ஏன் கிடையாது என்பதை இந்த ரூட்டில் நடந்து பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

ரூட் என்ன?

பரங்கிமலையில் தொடங்கி சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம், அடையாறு வழியாக பெசன்ட் நகரை ஒட்டிய உடைந்த பாலத்தில் முடிக்கலாம். சாலை வழியே சுமார் 14, 15 கி.மீ. வரும். ஏற்றம் என்று பார்த்தால் பரங்கிமலை மட்டும்தான். அதுவும் சுமார் 300 அடி உயரம்தான். வழக்கமாக வாக்கிங் போகிறவர்கள் நின்று நிதானமாகப் பார்த்தபடி 5 மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பரங்கிமலைக்கும் சின்னமலைக்கும் இடையே உள்ள 5 கி.மீ. வெறும் கத்திப்பாரா டிராபிக். அதை மட்டும் ஸ்கிப் செய்ய நினைத்தால் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, சின்னமலையில் இறங்கலாம்.

பரங்கிமலை: உலகத்தையே அளக்கத் தொடங்கிய இடம்

நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் உச்சியில் 1523-ல் போர்ச்சுக்கீசியர்கள் கட்டிய தேவாலயம். இயேசுவின் சீடரான புனித தோமையார் உயிர்நீத்த இடம் இது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. பக்தர்கள் ஜெபம் செய்யும் இடம் என்பதால் செல்ஃபி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

இங்கே இன்னொரு கதையும் உண்டு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இந்தியாவை அளக்கும் மாபெரும் நில அளவைப் பணியை இந்தப் பகுதியில்தான் தொடங்கினார். அவர் முதலில் அளந்த அடிக்கோட்டின் வடமுனை பரங்கிமலை, தென்முனை பெரும்பாக்கம் குன்று. நீளம் சுமார் 12 கி.மீ. பல ஆண்டுகள் கழித்து எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இதே அளவைப் பணியின் தொடர்ச்சிதான். பெரும்பாக்கம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

உச்சியிலிருந்து ஒரு பக்கம் விமான நிலைய ஓடுபாதை, மறுபக்கம் மெட்ரோ, சுற்றிலும் கட்டடங்கள். ஆறு எங்கே? வடக்கே மணப்பாக்கம், நந்தம்பாக்கம் பக்கம் தேடிப் பார்க்க வேண்டும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே இந்த ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் ஓடுபாதைக்குள் புகுந்து, விமான நிலையத்தைச் சில நாட்கள் மூட வேண்டிவந்தது.

சைதாப்பேட்டை: ஒரு வியாபாரி கட்டிக்கொடுத்த பாலம்

சின்னமலையில் 1551-ல் போர்ச்சுக்கீசியர்கள் கட்டிய தேவாலயமும், தோமையார் தங்கியிருந்ததாக நம்பப்படும் குகையும் இருக்கின்றன. அங்கிருந்து சில நிமிட நடையில் மறைமலையடிகள் பாலம். தினமும் லட்சக்கணக்கானவர்கள் கடக்கும் இந்த இடத்தில் 1726-ல் முதல் பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. அதுவும் சொந்தக் காசில். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அந்தப் பழைய பாலத்தின் பெயர் மர்மலாங் பாலம். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் புகுந்து மர்மலாங் ஆகிவிட்டது. 1960-களில் அதற்குப் பதிலாகப் புதிய பாலம் வந்தது.

பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கோடையில் கீழே ஓடுவது கறுப்பாக ஒரு வாய்க்கால் போலத் தெரியும். 'இதுவா ஆறு?' என்று கேட்கத் தோன்றும். 2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. மொத்தமும் வந்து சேர்ந்தது இந்த வாய்க்கால் போன்ற இடத்துக்குத்தான். ஆற்றின் உண்மையான அகலம் என்ன என்பதைச் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் அன்று ராத்திரி தெரிந்துகொண்டன.

தி.நகர்காரர்களுக்கு இதில் என்ன?

'நாங்க தி.நகர், எங்களுக்கும் அடையாறுக்கும் சம்பந்தம் இல்ல' என்று சொல்ல முடியாது. தி.நகர் உருவானதே 1920-களில், நீண்ட ஏரி என்று அழைக்கப்பட்ட ஒரு பெரிய ஏரியை வற்ற வைத்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. அந்தப் பகுதியின் மழைநீரைச் சுமந்துவரும் மாம்பலம் கால்வாய் நந்தனம் பக்கம் அடையாற்றில்தான் சேர்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றபோது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் இந்தக் கால்வாய்தான்.

நந்தனம் டூ கோட்டூர்புரம்: ஆறு எங்கே காணோம்?

சைதாப்பேட்டையிலிருந்து நந்தனம், டர்ன்புல்ஸ் ரோடு வழியாகக் கோட்டூர்புரம் பாலத்துக்கு நடந்தால் சுமார் 3 கி.மீ. ஆறு மிகப் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அது கண்ணில் படாது. காம்பவுண்டு சுவர்கள், அடுக்குமாடிகள், கேட்டுகள் எனத் தொடர்ந்து ஏதாவது மறைத்துக்கொண்டே வரும். கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியதும்தான் ஆறு திடீரென்று விரிகிறது. தெற்கே 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தண்ணீர் குடித்து உட்கார்ந்து போக நல்ல இடம்.

மறுபடி வடகரைக்கு வந்து போட் கிளப், ராஜா அண்ணாமலைபுரம், கிரீன்வேஸ் சாலை என்று நடந்தால் நிழல் தரும் பெரிய மரங்கள் கூடவே வரும். 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், ஜார்ஜ் மவ்ப்ரே 18-ம் நூற்றாண்டில் கட்டிய மாளிகையில் இயங்கும் மெட்ராஸ் கிளப் இரண்டும் ஆற்றைப் பார்த்தபடியே இருக்கின்றன. டி.டி.கே. சாலைக்கு முன்பிருந்த மவ்ப்ரேஸ் ரோடு என்ற பெயர் இவரால் வந்ததுதான். இந்த ரூட்டில் 'கோட்டை' என்று சொல்லத்தக்க கட்டடம் அவருடைய குவிமாட மாளிகை ஒன்றுதான். ஆனால் இரண்டும் உறுப்பினர்களுக்கான கிளப்கள் என்பதால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

சென்னையில் ஆற்றங்கரை இரண்டு வகை ஆட்களிடம் இருந்தது. ஒரு பக்கம் ஆற்றைப் பார்த்துத் தோட்ட மாளிகை கட்டிக்கொண்ட வசதியானவர்கள், இன்னொரு பக்கம் வேறு இடம் கிடைக்காமல் கரையில் குடிசை போட்டவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை மீட்க வேண்டும் என்று சொல்லி, கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. லாம்டன் கோடு போய் முடிந்த அதே பெரும்பாக்கம்தான். சைதாப்பேட்டையிலிருந்து 15 கி.மீ.க்கும் மேல். வீட்டு வேலை, சித்தாள் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே, வீடு மட்டும் அங்கே. வெள்ள ஆபத்து போனது உண்மை. கூடவே பலருக்கு வேலையும் போனது. மதில் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

திரு.வி.க. பாலம்: பக்கத்திலேயே ஒரு ஓய்வுபெற்ற பாலம்

துர்காபாய் தேஷ்முக் சாலை முடியும் இடத்தில் வருவது 1973-ல் திறக்கப்பட்ட திரு.வி.க. பாலம். பக்கத்திலேயே வண்டிகள் போகாத இன்னொரு பாலம் தெரியும். அதுதான் 1840-ல் கட்டப்பட்ட எல்பின்ஸ்டன் பாலம். அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவரின் பெயர். வேலை முடிந்தும் நகராமல் நிற்கிறது.

இங்கிருந்து கிழக்கே கழிமுகம் தொடங்குகிறது. ஆறு அகன்று, மண் திட்டுகளும் பறவைகளும் தென்படும். 1746-ல் இந்தக் கழிமுகத்தின் அருகேதான் அடையாறு போர் நடந்தது. மெட்ராஸைப் பிடித்திருந்த பிரெஞ்சுப் படையிலிருந்து வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். அதில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களிடம் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். எதிரே ஆற்காடு நவாபின் மகன் மஃபூஸ் கான் தலைமையில் சுமார் பத்தாயிரம் பேர். ஆற்றில் இறங்கிக் கடந்து தாக்கிய சிறிய படைதான் ஜெயித்தது. பயிற்சி பெற்ற சிறிய காலாட்படை பெரிய குதிரைப்படையை விரட்ட முடியும் என்று ஐரோப்பியர்கள் இங்கே கற்ற பாடம், அடுத்த நூறு வருட இந்திய வரலாற்றையே மாற்றியது. இன்று அந்த இடத்தில் அதைச் சொல்ல ஒரு போர்டுகூடக் கண்ணில் படாது.

பாலத்தின் தென்முனையை ஒட்டி, 1882-ல் இங்கே தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் தோட்டம். பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டாலும் விழுதுகள் தனித்தனி மரங்களாக நிற்கின்றன. குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே அனுமதி என்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

உடைந்த பாலம்: பாதை முடியும் இடம்

பெசன்ட் அவென்யூ வழியாக எலியட்ஸ் கடற்கரை போய், மணலில் வடக்கே திரும்பினால் ஊரூர் ஆல்காட் குப்பம். அதைத் தாண்டினால் உடைந்த பாலம். 1967-ல் மீனவர்கள் சீனிவாசபுரம் பக்கம் போய்வரக் கட்டப்பட்டது. 1977-ல் வெள்ள வேகத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. அதன் பிறகு யாரும் சரிசெய்யவில்லை. சினிமாக்காரர்களும் போட்டோ ஷூட் ஜோடிகளும் மட்டும் அதைக் கைவிடவில்லை.

இங்கே வியூவைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது முகத்துவாரம். கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாய்ப்பகுதியில் போட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றில் வேகமாகத் தண்ணீர் வந்தால் அந்த மணலைத் தள்ளிவிடும். வராத மாதங்களில் மணல் திட்டு வளர்ந்து வாய் அடைபடும். அப்போது கடல்நீர் உள்ளே வந்து போக முடியாது, கழிவுநீர் அங்கேயே தேங்கும். மழைக்காலம் வரும்போது பொக்லைன் வைத்து வாயைத் திறந்துவிடுவது இதனால்தான். மேலே சைதாப்பேட்டையில் வெள்ளம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் இந்த வாய்க்கும் பங்குண்டு.

கரையில் பாதை போட்டால் என்ன?

போட்ட ஊர்கள் உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில் ஆற்றை மூடிப் போட்டிருந்த சாலையை இடித்து, 2005-ல் சியோங்கேசியோன் நீரோடையை மக்கள் நடக்கத் திறந்துவிட்டார்கள். அகமதாபாத்தில் சபர்மதி கரை நடைபாதையானது. இரண்டு இடங்களிலும் அழகு வந்தது. கரையில் கடை வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும் இடம் மாற வேண்டியும் வந்தது.

அதனால் கேள்வி டைல்ஸ் போடுவது பற்றியது இல்லை. ஆற்றின் வெள்ளப் பரப்பைச் சுருக்கி கான்கிரீட் கரை கட்டினால், அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் வேறு யார் வீட்டுக்காவது போகும். குடிசைகளை மட்டும் எடுத்து மதில்களை விட்டுவைத்தால், பாதை அதே மதிலில் போய் முட்டி நிற்கும். கரை பொதுவாக இருக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

தினமும் நடக்கிற கரையில் ஆக்கிரமிப்பு வந்தாலும், குப்பை லாரி கொட்டினாலும், தண்ணீர் ஏறினாலும் யாராவது ஒருவர் கண்ணில் படும். யாருமே பார்க்காத ஆறு, வீட்டுக்குள் வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

கிளம்பும் முன்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன். காலை 6 மணிக்குப் பரங்கிமலையில் இருந்தால் வெயில் ஏறும் முன் பாதித் தூரம் முடிந்துவிடும். மாலை வியூ வேண்டுமென்றால் ரூட்டை இரண்டாகப் பிரித்து, கோட்டூர்புரம் டூ கடற்கரைப் பகுதியை இன்னொரு நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். தொப்பி, 2 லிட்டர் தண்ணீர், நல்ல ஷூ போதும். கனமழை எச்சரிக்கை இருந்தால் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். உடைந்த பாலத்தில் தடுப்புச் சுவர் சிதைந்திருக்கிறது. நுனிக்குப் போகாதீர்கள், குளிக்க இறங்காதீர்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். குப்பம் வழியாக நடக்கும்போது அது பலருடைய வீட்டு வாசல் என்பதையும் மறக்க வேண்டாம். திரும்பிவர பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இருக்கிறது.

பஸ் ஏறினால் திரு.வி.க. பாலத்தை மறுபடி கடப்பீர்கள். இந்த முறை போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பாருங்கள்.