அலகு கோணிய கோழியைப் பேணல்

லிங்கநகரிலும் அதனையடுத்த திருகோணமலைத் துறைமுகப் பகுதிகளிலும் வீட்டு வளவிற் சில கோழிகளேனும் இல்லாத குடும்பங்கள் குறைவு. தோட்டத்துக் கீரைக் கழிவும், நெற்குற்றுகையிற் கிடைக்கும் தவிடும், கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் சிறுமீனும் அவற்றிற்குத் தீனியாகின்றன. இவ்வாறு அடைவைத்துப் பொரிக்கும் குஞ்சுகளுள் எப்போதாவது ஒன்று மேலலகு ஒரு பக்கமும் கீழலகு மறுபக்கமுமாகக் கோணி வளர்வதுண்டு. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் அவை ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும்.

பொரித்த அன்று இக்குறை பெரும்பாலும் தெரிவதில்லை. சில வாரங்கள் சென்றபின், மண்டையெலும்பு வளர வளரக் கோணலும் மிகுகின்றது. இதிலுள்ள ஆபத்து யாதெனில், குஞ்சு பட்டினி கிடப்பதை வளர்ப்போர் அறியாமலிருப்பதே. அது மற்றக் குஞ்சுகளுடன் சேர்ந்து தீனித்தட்டிற் கொத்திக்கொண்டே நிற்கும். ஆனால் ஒரு குறுணலும் அலகிற் பிடிபடாது. பார்ப்பவர் அது தின்கிறதென்றே எண்ணுவர். ஆகவே, மாலையில் கூட்டிலடைக்கும்போது கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தடவிப் பார்த்தல் வேண்டும். மற்றவற்றின் இரைப்பை நிறைந்திருக்க, ஒன்றினது மட்டும் வெறுமையாயிருப்பின் அதன் அலகை வெளிச்சத்திற் பிடித்து நோக்குக.

இது தொற்றுநோயன்று. பெரும்பாலும் பரம்பரையாலும், அடைகாக்கும் காலத்து வெப்பக் கோளாற்றாலும், தாய்க்கோழியின் தீனிக் குறைவாலும், காயத்தாலும் அலகுக் குறைகள் உண்டாகின்றன. சுவிற்சர்லாந்தின் அப்பென்செல் தாடிக்கோழி இனத்தில் இக்குறை அடிக்கடி தோன்றியதால், அதனை ஆராய்ந்த கட்டுரையொன்று 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சீனாவின் பெய்ஜிங்-யூ கோழிகளிலும் இது ஆராயப்பட்டுள்ளது. குறுக்கிட்ட அலகு பறவையினத்திற்கே கேடென்று கொள்ளவும் இயலாது. வடதேசத்து ஊசியிலைக் காடுகளிலே குறுக்கலகிக் குருவி என்றொன்று உண்டு. காய்ச் செதில்களை விலக்கி விதையெடுக்க அதற்கு இக்கோணலே கருவியாகும். நிலத்திற் கொத்தி உண்ணும் கோழிக்கோ அது பெருந்தடை.

தீனியின் அமைப்பை மாற்றுவதே முதற் பரிகாரம். நெல்லையோ குறுணலையோ நிலத்திற் தூவுவதாற் பயனில்லை. தவிடு, ஊறவைத்த குறுணல், தேங்காய்ப் புண்ணாக்கு, சிறிதளவு மீன்தூள் ஆகியவற்றை நீர்விட்டுத் தளர்ந்த களிபோற் பிசைந்து, மூன்று அங்குலத்திற்குக் குறையாத ஆழமுள்ள பாத்திரத்தில் இடுதல் வேண்டும். கோழி கீழலகைக் கரண்டிபோற் செலுத்தி அள்ளி உண்ணும். பாத்திரம் அதன் நெஞ்சளவு உயரத்தில் இருப்பது நன்று; கல்லின்மேல் வைத்தாற் போதும். மற்றக் கோழிகள் நெருங்கி விரட்டாவண்ணம் நாளுக்கு இரண்டு மூன்று முறை தனியே உண்ண விடுக. ஈரத்தீனி நமது வெயிலில் விரைவிற் புளித்துவிடுமாகையால் மிச்சத்தை உடனே அகற்றுக. தானாகப் பரற்கல் பொறுக்க இயலாத கோழிக்குச் சிறிது பருமணலைத் தீனியிற் கலந்து கொடுத்தல் தகும். தண்ணீரும் அலகு அமிழும் ஆழத்தில் இருத்தல் வேண்டும். சிறு குஞ்சாயின் அது விழுந்து அமிழாதபடி வாய் ஒடுங்கிய பாத்திரமே ஏற்றது.

அலகு நகத்தைப்போல் வளர்ந்துகொண்டேயிருக்கும். நேரான அலகு ஒன்றோடொன்று உரசியும் நிலத்திற் தேய்ந்தும் அளவில் நிற்கும். கோணியதோ தேய வழியின்றி நீளும். அப்போது கோழியைத் துணியாற் சுற்றி ஒருவர் பிடிக்க, மற்றவர் சிறிய அரத்தினால் நுனியைத் தேய்க்கலாம். நகம்வெட்டியாற் சிறிது சிறிதாக வெட்டவுங் கூடும். நுனியின் வெளிறிய பகுதியை மட்டுமே நீக்குக. உள்ளே குருதி ஓடும் உயிருள்ள பகுதி இருக்கின்றது. அதனை வெட்டினாற் கோழி மிகுந்த நோவடையும். தவறிக் குருதி கசியின் சோளமாவை அப்பிச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அலகை விரலால் நெரித்து நேராக்க முயல்வது வீண். கோணல் எலும்பிலிருப்பின் அது நேராவதில்லை.

இக்கோழி தன் இறகைக் கோதமாட்டாது. அதனாற் பேன் பெருகும். உலர்மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழியொன்று அதற்கு வேண்டும். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை அக்குழி கூரையின்கீழ் இருத்தல் அவசியம். வயலுக்கும் மரக்கறித் தோட்டத்திற்கும் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின்மேற் பூசும் வழக்கம் சிலரிடம் காணப்படுகின்றது. அது கோழியைக் கொல்லக் கூடும். தப்பினாலும் நஞ்சு முட்டை வழியாகக் குழந்தைகளின் வாய்க்குச் சேரும். பேன் மிகுந்தால் மிருக வைத்தியரிடம் தக்க மருந்து கேட்டுப் பெறுக.

இவ்வாறு பேணப்பட்ட பேடு முட்டையிடும். அம்முட்டையை உண்பதில் யாதொரு தீங்குமில்லை. ஆயின் அதனை அடைவைத்தலாகாது. இத்தகைய சேவலை இனப்பெருக்கத்திற்கு ஒருபோதும் விடலாகாது. ஒரே அடையில் இரண்டு மூன்று குஞ்சுகள் இவ்வாறு தோன்றின், சேவலை மாற்றுவதே முறை. பல ஆண்டுகளாக ஒரே வளவிற் பிறந்த சேவலும் பேடும் கூடிவரின் குறைகள் மறைந்திருந்து வெளிப்படும். பொறியில் அடைவைப்போர் ஏறக்குறைய 100 பாகை பரனைற்று வெப்பத்தை 21 நாளும் ஒரே சீராகப் பேணுதல் வேண்டும். தீட்டிய அரிசிக் குறுணலை மட்டுமே தின்ற தாய்க்கோழிக்கு அலகின் வளர்ச்சிக்கு வேண்டிய பயோற்றினும் மங்கனீசும் குறையும். இவை தவிட்டோடு கழிந்துபோவன. ஆதலாற் புதிய தவிடும் முருங்கையிலை போன்ற பசுந்தழையும் அதற்குக் கொடுக்கப்பட வேண்டும். நாட்பட்டுக் காறிய தவிடு பயன்படாது.

வளர்ந்த கோழியின் அலகு திடீரெனக் கோணினாலோ, அதனைச் சுற்றிக் கொப்புளம் காணப்பட்டாலோ அது காயமோ கோழியம்மையோ ஆகலாம். அக்கோழியைப் பிரித்து வைத்து வைத்தியருக்குக் காட்டுக. இத்தனையும் செய்தும் இரைப்பை நிரம்பாது, நெஞ்செலும்பு கத்திபோற் புடைத்து, நாளுக்கு நாள் மெலியும் குஞ்சை வைத்திருப்பது இரக்கமாகாது. அதனை வருத்தமின்றி விரைவாக முடித்துவிடுதலே தகும். அதற்கான முறையை மிருக வைத்தியர் காட்டித் தருவார்.